ஈயச் சிப்பாய்களும் தூரிகைத் தோழமையும் – ஒரு வரலாற்று நோக்கு

ஐரோப்பிய மொழிகளிலே சிற்றோவியத்தைக் குறிக்கும் 'மினியேச்சர்' என்னுஞ் சொல் சிறுமையைச் சுட்டப் பிறந்ததன்று. இலத்தீன் மொழியில் ஈயச் செந்தூரத்துக்கு 'மினியம்' என்று பெயர். இடைக்கால மடங்களில் ஏடெழுதிய துறவியர் தலையெழுத்துக்களை அச்செந்நிறங் கொண்டு தீட்டினர். அத்தொழிலின் பெயர் நாளடைவில் ஏட்டிலுள்ள சிறுபடங்களுக்கு ஆகிப் பின்னர் அளவாற் சிறியனவாகிய பொருட்கள் பலவற்றுக்கும் ஆயிற்று. ஈயத்திலிருந்து புறப்பட்ட அச்சொல் மீண்டும் ஈயத்தை வந்தடைந்த இடம் ஒன்றுண்டு. விரலளவேயான படைவீரர் உருவங்களை வாங்கி, அவற்றுக்குத் தாமே வர்ணந் தீட்டி மகிழும் பொழுதுபோக்கினர் பிரித்தானியா, ஜேர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளிற் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். தனியறையில் தனியொருவராய் இருந்து செய்யும் இவ்வேலையைச் செய்தோர் ஒருவரையொருவர் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இது பல்கலைக்கழக ஏடொன்றில் ஆராயத்தக்கதோ என வினவுவாரும் உளர். வளர்ந்தவர் சிலர் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு நிறந் தீட்டிக்கொண்டிருந்தனர் என்பதில் வரலாறு எங்கே இருக்கின்றது என அவர்கள் கேட்கலாம். ஆனால், ஒரு கைவினையை எவர் கூலிக்குச் செய்தனர், எவர் ஓய்வு நேரத்திற் செய்தனர், அவ்விரு சாராருள் எவருடைய பெயர் எஞ்சியது என்று கேட்கத் தொடங்கினால் இச்சிறு பொருள் சிறிதாக நில்லாது.

ஈயச் சிப்பாய்களின் தாயகம் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரமும் அதன் அயலிலுள்ள பியூர்த்தும் ஆகும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யொஹான் கொட்பிரீட் ஹில்பேட் என்னும் வெள்ளீயக் கம்மியர் அங்கு வார்த்த தட்டை உருவங்கள் புகழ்பெற்றன. சிலேட்டுக் கல்லில் எதிருருவாகச் செதுக்கிய அச்சினுள் உருகிய உலோகத்தை ஊற்றி எடுக்கப்பட்ட அவ்வுருவங்கள் தகடுபோல் மெல்லியவை. பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக்கின் வெற்றிகள் அவற்றுக்குச் சந்தையைத் தேடிக் கொடுத்தன. 19ஆம் நூற்றாண்டில் ஹைன்றிக்சன் நிறுவனத்தார் உருவத்தின் உயரத்தை ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் என வகுத்துக்கொண்டனர். ஏனையோரும் அதனைத் தழுவினர். உருவங்கள் எண்ணியன்றி நிறுத்தே விற்கப்பட்டன என்பது இன்று கேட்போருக்கு வியப்பளிக்கும். ஒரு படைப்பிரிவின் விலை அதன் நிறை. அன்டர்சன் 1838ஆம் ஆண்டில் எழுதிய ஒற்றைக்கால் ஈயச் சிப்பாயின் கதை இத்தொழில் ஐரோப்பிய வீடுகளுள் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருந்தது என்பதற்குச் சான்றாகும்.

அச்சுச் செதுக்கியவன் ஒரு வினைஞன். அவனுக்குப் பயிற்சியும் தொழிற்பெயரும் இருந்தன; தன் பெயரின் முதலெழுத்தை உருவின் அடித்தட்டிற் பொறிக்கும் வழக்கமும் இருந்தது. வர்ணந் தீட்டியோர் நிலை வேறு. வார்த்தெடுத்த உருவங்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. அங்கே பெண்களும் பிள்ளைகளும் எண்ணிக்கைக்குக் கூலி பெற்று அவற்றுக்கு நிறமூட்டினர். சிப்பாயின் செங்கச்சையும் நீலச் சட்டையும் அவர்கள் கைப்பட்டவை. நம் நாட்டிற் பீடி சுற்றியும் பாய் இழைத்தும் வீட்டிலிருந்தே கூலிவேலை செய்த பெண்களை அறிந்தோர்க்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. இவ்வாறு ஒரே வேலையைச் செய்தோர் பல்லாயிரவராக இருந்தபோதும், அவ்வேலையை முன்னிட்டு அவர்கள் கூடியதாகவோ தம்முட் கடிதம் எழுதியதாகவோ நாம் படிப்பதில்லை. அடுத்த தெருவில் எவள் நேர்த்தியாகக் கண் தீட்டுவாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். எழுதுவார் இல்லாமையால் அவ்வறிவு அத்தெருவோடு மறைந்தது.

இவ்விடத்து ஒரு சிறு விலகல். 1826ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பாதிரியார் ஒருவர் தம் மகனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மகன் பிரன்வெல், அவனுடைய சகோதரிகள் சார்லொட், எமிலி, ஆன். நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயைத் தேர்ந்து பெயரிட்டனர். சார்லொட்டின் சிப்பாய் வெலிங்ரன், பிரன்வெல்லினது பொனபாட். அச்சிப்பாய்கள் படிப்பதற்கென உள்ளங்கைக்குள் அடங்கும் நூல்களை நுண்ணெழுத்திலே எழுதிய அப்பிள்ளைகளே பின்னாளிற் புரொன்ரி சகோதரிகள் எனப்பட்ட நாவலாசிரியர்கள். சிற்றுருவைச் சுற்றிக் கூடிய ஒரு சிறு குழு எத்தகைய படைப்பாற்றலை விளைவிக்கக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைத்தல் அரிது. அக்குழுவில் மூவர் பெண்கள் என்பதையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏனெனிற் பின்வந்த கழகங்களிற் பெண்களை அரிதாகவே காண்கிறோம்.

1893ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பார் உள்ளே பொள்ளலாக வார்க்கும் முறையொன்றைக் கையாண்டார். உருகிய உலோகத்தை அச்சினுள் ஊற்றி, ஓரத்தில் அது உறைந்தவுடன் எஞ்சியதை வெளியே கவிழ்த்துவிடுவதே அம்முறை. ஈயச் செலவு குறைந்தது, விலையும் குறைந்தது, திண்மையாக வார்க்கப்பட்ட ஜேர்மானிய உருவங்கள் ஆங்கிலச் சந்தையிற் பின்வாங்கின. பிரிட்டனின் உருவங்களுக்கும் பெரும்பாலும் பெண் தொழிலாளரே நிறந் தீட்டினர். பேரரசின் படைகள் அனைத்தும், வங்காளக் குதிரைப்படையிலிருந்து ஸ்கொட்லாந்தின் மலைநாட்டுப் படை ஈறாக, இலண்டனின் கூலிப் பெண்கள் கையில் நிறம் பெற்றுப் பெட்டியில் அடங்கின.

அப்பெட்டிகளை வாங்கியோருள் வளர்ந்தவரும் இருந்தனர் என்பதே அடுத்த கட்டத்தின் தொடக்கம். 1881–82 மாரிகாலத்தில் நோயுற்றுச் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் தங்கியிருந்த றொபேட் லூயி ஸ்ரீவன்சன், தம் மனைவியின் மகனாகிய லொயிட் ஒஸ்போணுடன் சேர்ந்து மேன்மாடத் தரையில் ஈயச் சிப்பாய்ப் போர்களை நடத்தினார். அச்செய்தி அச்சேறியதோ 1898இல். அப்போது ஸ்ரீவன்சன் காலமாகி நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. எச். ஜி. வெல்ஸ் இதிற் சற்றுத் துணிந்தவர். சான்ட்கேற் என்னும் கடற்கரையூரில் இருந்த அவரது இல்லத்துக்கு வந்த நண்பர் ஒருவர் மதிய உணவின் பின்னர் விளையாட்டுப் பீரங்கியால் ஒரு சிப்பாயைச் சுட்டு வீழ்த்த, அங்கிருந்து வளர்ந்த விளையாட்டை 1913இல் 'சிறு போர்கள்' என்னும் பொருள்படும் நூலாக அவர் வெளியிட்டார். அந்நண்பரை வெல்ஸ் பெயரின் முதலெழுத்துக்களால் மட்டும் குறிக்கின்றார். அவர் நகைச்சுவையாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்பது ஆய்வாளர் கொள்கை. பெயரை மறைத்த அச்செயலிலே ஒரு நாணம் தெரிகின்றது. தரையில் மண்டியிட்டுச் சிப்பாய் விளையாடியதை ஊரறியச் சொல்ல வளர்ந்த மனிதர் எவரும் அன்று விரும்பவில்லை. நூல் வெளியானபோது, தம்மைப்போல் இன்னும் சிலர் உளர் என்று அதனைப் படித்த பலர் முதன்முறையாக அறிந்திருப்பர்.

வெல்ஸின் நூலைப் போர்வெறியின் வெளிப்பாடெனக் கொள்வது தவறு. மெய்ப்போரின் செலவையும் மடமையையும் சுட்டி, போர் வேண்டுவோர் அதனை ஓர் அறையினுள் ஈயச் சிப்பாய்களோடு நடத்திக்கொள்ளட்டும் என்பதே அவர் முடிவு. மறு ஆண்டு, 1914இல், ஐரோப்பா அவ்வறிவுரையைக் கேளாது போயிற்று. வெல்ஸும் 'போருக்கு முடிவு கட்டும் போர்' என்று அதனை வரவேற்று எழுதினார். இம்முரண்பாடு அவருடையது மட்டுமன்று. இப்பொழுதுபோக்கு அதனை இன்றுவரை சுமந்து வருகின்றது.

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் கழகங்கள் தோன்றின. ஜேர்மனியில் வரலாற்றுத் தெய்வமாகிய கிளியோவின் பெயரால் 1924இல் தட்டை உருவச் சேகரிப்போர் சங்கம் அமைந்தது. 1929இல் குல்ம்பாக் நகரின் பிளாசன்பேர்க் கோட்டையில் ஈய உருவ அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. பிரித்தானிய மாதிரிப் படைவீரர் கழகம் 1935இல் தோன்றியது. இவற்றின் உறுப்பினர் வெறுமனே சேகரிப்போராக நிற்கவில்லை. நிறமிடாத உருவங்களை வாங்கித் தாமே தீட்டும் வழக்கம் இவர்களிடையே வேரூன்றியது. தட்டை உருவிலே மெய்யான பக்கமோ புடைப்போ இல்லை. உடலின் திரட்சியையும் துணியின் மடிப்பையும் ஒளி நிழலாகத் தூரிகையே உண்டாக்க வேண்டும். நியூரம்பேர்க்கில் கூலிக்கு விரைந்து பூசப்பட்ட அதே தகடு இவர்கள் மேசையிற் பல மாலைகளை விழுங்கியது. நேரத்தை விற்று வாழ்ந்தவர்க்கும் நேரத்தைச் செலவிட வல்லவர்க்கும் உள்ள வேறுபாடு அது. கலைத்திறன் பிந்தியவர்க்கே இருந்தது என நம்புவதற்கு ஆதாரமில்லை.

இவ்விடத்தே, தனித்திருந்து செய்யும் வேலைக்குத் தோழர் ஏன் வேண்டும் என்ற வினா எழும். விடை மிக எளியது: நிறம் தெரியவேண்டும். நெப்போலியன் காலத்துப் படைப்பிரிவு ஒன்றின் கழுத்துப்பட்டி மஞ்சளா, எலுமிச்சை நிறமா, வெளிறிய பழுப்பா? பொத்தான் பித்தளையா, வெள்ளீயமா? எந்த ஆண்டில் மாறியது? பழைய சீருடைப் படங்கள் ஒரு நூலகத்தில் இருக்கும். படையாணை இன்னோர் ஊரில் இருக்கும். மெய்ச்சீருடையோ வேறொரு நாட்டின் அருங்காட்சியகத்தில் ஒளி பட்டு மங்கிப் போயிருக்கும். தனியொருவரால் இவற்றையெல்லாம் தேட இயலாது. ஆகவே கடிதம் எழுதினர். கழுத்துப்பட்டியின் நிறங் கேட்டுத் தொடங்கிய கடிதங்கள் பின்னர்த் தீந்தையை எவ்வளவு நீர்ப்பதாக்குவது, மடிப்பினுள் நிழலை எவ்வாறு தேங்கச் செய்வது என்பவற்றை நோக்கி நகர்ந்தன.

அவற்றுள் நெடுநாள் விவாதிக்கப்பட்ட நுட்பம் ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. மெய்ச் சீருடையிலிருந்து ஒரு துண்டைக் கொணர்ந்து, அதற்கு முற்றும் ஒத்த சிவப்பைக் குழைத்து 30 மில்லிமீற்றர் உருவத்திற் பூசினால், அது இருண்டு தோன்றும். தொலைவில் நிற்கும் மனிதனின் நிறம் காற்றினால் வெளிறித் தெரிவதுபோல், சிற்றுருவின் நிறத்தையும் வெளிறச் செய்தாலன்றிக் கண் ஏற்பதில்லை. கறுப்பைக் கறுப்பாகப் பூசலாகாது. சாம்பல் கலத்தல் வேண்டும். ஆவணத்துக்கு உண்மையாக இருப்பதா, கண்ணுக்கு உண்மையாக இருப்பதா என்பது ஓவியக் கலையின் பழைய வழக்கு. அதனை இவர்கள் தபாலிலே நடத்தினர். வரலாற்று மாணாக்கராகிய நமக்கும் இவ்வழக்கு அந்நியமானதன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தொடர்பு ஓர் இயக்கமாக மாறியதற்கு இருவர் முதன்மைக் காரணர். கலிபோர்னியாவின் விசேலியா நகரில் வாழ்ந்த ஜக் ஸ்குறூபி, றப்பர் அச்சுக்களைக் கொண்டு மலிவாக உருவங்களை வார்க்கும் வழியைக் கண்டவர். 1957இல் போர் விளையாட்டினருக்கெனச் சிறு சஞ்சிகை ஒன்றையும் தொடங்கினார். இங்கிலாந்தின் சவுத்ஹாம்ரனில் டொனல்ட் பெதர்ஸ்ரோன் இருந்தார். போர்க்காலத்தில் தாங்கிப் படையிற் பணியாற்றிய அவர், பின்னர் உதைபந்தாட்டக் கழகமொன்றின் உடற்சிகிச்சையாளராகத் தொழில் புரிந்தார். அதே நகரில் வாழ்ந்த ரோனி பாத் என்பவரும் அவரும் 1950களில் அறிமுகமாகி, ஸ்குறூபியின் சஞ்சிகைக்கு ஆங்கிலக் கரையிலிருந்து கைகொடுத்தனர். பெதர்ஸ்ரோனின் 'போர் விளையாட்டுக்கள்' என்னும் நூல் 1962இல் வெளிவந்தது; அதே ஆண்டில் அவர் தொடங்கிய மடல் 1980 வரை நடந்தது. பாத் 1965இல் பண்டைக்காலப் போர்களில் ஈடுபாடுடையோர்க்கென ஒரு சங்கத்தை நிறுவினார்.

இத்தகைய ஏடுகளை இன்று புரட்டுவோர் கட்டுரைகளையே முதலில் நாடுவர். எனக்கோ அவற்றை உயிருடன் வைத்திருந்தவை வாசகர் கடிதங்களும் விலாசங்களுமே எனத் தோன்றுகின்றது. தன் ஊரில் இப்பித்துக் கொண்டவன் தான் ஒருவனே என்று எண்ணியிருந்தவன், இரண்டு தெரு தள்ளி இன்னொருவன் இருப்பதை வேறொரு நாட்டிலிருந்து தபாலில் வந்த ஏட்டின்மூலம் அறிந்துகொள்ளும் விந்தை அவற்றாலேயே நிகழக்கூடியதாயிற்று. 1959 முதல் எயர்பிக்ஸ் நிறுவனம் விற்ற நிறமற்ற பிளாஸ்ரிக் சிப்பாய்கள் பள்ளி மாணவரையும் இக்கூட்டத்துட் சேர்த்தன. அம்மென்மையான பிளாஸ்ரிக்கில் தீந்தை ஒட்டாது உரிந்து விழும். அதற்கு மருந்து தேடுவதே ஒரு தலைமுறைக்குக் கடிதப் பொருளாயிற்று.

தீட்டுவோருக்கும் விளையாடுவோருக்கும் இடையில் மெல்லிய பிணக்கும் இருந்தது. வெல்ஸின் பீரங்கி மரக்குச்சியைத் துப்பி உருவங்களை உண்மையாகவே வீழ்த்தும். நூறு மாலைகள் செலவிட்டுத் தீட்டிய ஒருவன் தன் படையை அதன் முன் நிறுத்தச் சம்மதிப்பானா? பிற்காலத்திற் பீரங்கி ஒதுங்கித் தாயக்கட்டை அதனிடத்தைப் பிடித்ததற்கு விளையாட்டின் நுட்பம் ஒரு காரணமாயின், தீந்தையைக் காக்கும் கவலையும் ஒரு காரணமாகலாம் என்பது என் ஊகம்.

நேர்முகச் சந்திப்பின் வரலாற்றில் 1969ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நினைவிற் கொள்ளத்தக்கது. விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில், தோட்டக்கலை மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் காப்புறுதி நிறுவன ஊழியராகிய கரி கைகக்ஸ் முந்திய ஆண்டு தொடங்கிய கூட்டத்தின் இரண்டாவது நிகழ்வு அது. மினசோட்டாவிலிருந்து வந்த டேவ் ஆணெசன் என்ற மாணவர் அங்கே அவரைச் சந்தித்தார். பாய்க்கப்பற் போர்களைப் பற்றிய பேச்சு அவர்களை இணைத்தது. 1974இல் இருவர் பெயராலும் வெளிவந்த 'நிலவறைகளும் பறவை நாகங்களும்' என்று பொருள்படும் விளையாட்டு முதற் பதிப்பில் ஆயிரம் பிரதிகளே அச்சிடப்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவியது. சிற்றுருக்களைப் பொறுத்தமட்டில் அதன் விளைவு பெரிது. பறவை நாகத்துக்குப் படையாணை இல்லை. பூதத்தின் பொத்தான் நிறத்தை எந்த அருங்காட்சியகத்திலும் தேட வேண்டியதில்லை. தீட்டுபவன் ஆவணத்திலிருந்து விடுதலை பெற்றான். ஆனால் அந்த ஆவணத்தின் பொருட்டே கடிதம் எழுதிப் பழகிய தோழமையின் ஒரு தூண் அதனோடு சாய்ந்தது.

அவ்விடத்தை நிறுவனங்கள் நிரப்பின. 1975இல் இலண்டனில் மூன்று நண்பர் ஓர் அறையிலிருந்து தொடங்கிய கேம்ஸ் வேர்க்ஷொப் முதலில் ஆர்வலர் மடல் ஒன்றையே நடத்தியது. 1977இல் அது முழுச் சஞ்சிகையாயிற்று. 1979இல் உருவம் வார்க்கும் துணை நிறுவனம் எழுந்தது. 1983இல் 'வோர்ஹாமர்' விளையாட்டு. 1987இல் தீட்டுவோருக்கெனப் பெரும் போட்டி. உருவம், தீந்தை, தூரிகை, விதிநூல், சஞ்சிகை, போட்டி அனைத்தும் ஒரே கதவின் வழியாக வந்தன. தீட்டும் திறன் இக்காலத்தில் வியக்கத்தக்கவாறு உயர்ந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், ஆர்வலர் ஆர்வலருக்கு எழுதிய மடலும், விற்பவன் வாங்குபவனுக்கு எழுதும் மடலும் ஒன்றாகா.

அதற்கு மாறான ஒரு போக்கைச் சிக்காகோவிற் காண்கிறோம். அங்கு வாழ்ந்த புகழ்பெற்ற கலைஞர் ஷெப்பேட் பெயினின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் திறந்த மதிப்பீட்டு முறையில் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்கள் இல்லை. ஒவ்வொருவர் படைப்பும் அதன் தரத்துக்கேற்ப மதிக்கப்படும். பத்துப்பேர் தகுதி பெற்றால் பத்துப்பேருக்கும் பதக்கம். அருகில் நிற்பவனின் வெற்றி தன் தோல்வியாகாத இடத்தில் அவனிடம் சென்று, இந்த நிழலை எப்படிப் போட்டாய் என்று கேட்பது எளிதாகின்றது. மதிப்பெண் வரிசையிலேயே வளர்ந்த நம் மாணாக்கர் இம்முறையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

போரைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிட்டு இப்பொருளைப் பேசுதல் நேர்மையாகாது. 1983 தொடக்கம் 2009 வரை போரினுள்ளே வாழ்ந்த ஒரு மக்களிடையேயிருந்து எழுதுபவனுக்குச் சீருடையணிந்த உருவத்தைக் கையிலேந்தி ரசித்தல் எளிதன்று. எம் பிள்ளைகள் சீருடையின் நிறத்தைக் கற்றது பொழுதுபோக்குக்காக அன்று. தொலைவில் வருபவர் எவரென அறிந்து ஓடவோ நிற்கவோ வேண்டியிருந்தமையால். இக்கண்ணோடு பார்க்கும்போது, தீட்டுநர் மேசைகளிற் காயமுற்றவன் அரிதாகவே காணப்படுவதும், சட்டைகள் பெரும்பாலும் கழுவியெடுத்தவைபோல் இருப்பதும் உறுத்துகின்றன. ஆனால் பெதர்ஸ்ரோன் போன்றோர் போரைப் படத்திற் பார்த்தவரல்லர். மெய்ப்போரைக் கண்டு திரும்பிய மனிதர் சிலர் அதனை விரலளவாக்கி, ஒழுங்குபடுத்தி, எவரும் இறவாத ஒன்றாக்கி, அதைப் பற்றி இன்னொருவரோடு கடிதத்திற் பேச விரும்பியதை வெறும் போர்வெறி என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. முழுதும் ஏற்கவும் இயலவில்லை.

பிளாசன்பேர்க் கோட்டையின் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஈய உருவங்கள் உள்ளன. குல்ம்பாக்கில் இரண்டாண்டுக்கொருமுறை கூடும் சந்தைக்கு வருவோர், தாம் தீட்டியவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒருவருக்கொருவர் காட்டுகின்றனர். இக்காலத்தார் உருவின் அடியிலே தம் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்பதுண்டு. பழைய நியூரம்பேர்க் உருவம் ஒன்றைக் கையிலெடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால், அடித்தட்டின் ஓரத்திற் செதுக்கியவனின் எழுத்து ஒருவேளை தென்படும். மேலே, நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் மங்காத சிவப்பில், முடியளவான தூரிகைக் கோடுகள் தெரியும். அவற்றை இட்டவளின் பெயர் எந்தத் தட்டிலும் இல்லை.